தழும்பா, வடுவா?

"பாட்டியின் பிரிவு என் மனதில் விட்டுச்சென்ற தழும்பு" என்ற வரி ஏன் ஒட்டவில்லை என்று கேட்டிருந்தீர்கள். சொல்தான் காரணம். அறுப்பில் கருக்கரிவாள் பட்டு என் அம்மாவின் இடது சுண்டுவிரலில் வெள்ளைக்கோடாக ஒன்று கிடக்கிறது. அது தழும்பு. மன்னார்குடிப் பக்கம் அதை யாரும் வடு என்று சொல்லி நான் கேட்டதில்லை.

மனதுக்கு வடுதான். 129ஆம் குறளிலேயே தீ சுட்டது புண், நாக்கு சுட்டது வடு. 2018 கஜா புயலில் தென்னந்தோப்பை இழந்தவர்களின் துயரத்தையும் ஆறாத வடு என்றுதான் எழுதுகிறோம். மாவடு நினைவுக்கு வருமோ என்று தயங்காதீர்கள், இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள்.

அப்புறம், 'தழும்பேறிய' என்றால் பட்டுப் பட்டுப் பழகிப்போனது. துக்கத்துக்கு அது வேண்டாம். "பாட்டி போனது எனக்கு ஆறாத வடு." இவ்வளவு போதுமே.