சுரங்கத் தொழிலாளர்களின் உடல்நலத்தையும் வாழ்க்கைத் தரத்தையும் அதிகம் பாதிப்பது எது? விபத்துகளா?

விபத்து என்றுதான் பலரும் சொல்வார்கள். என் அப்பா 26 வருஷம் நிலத்தடிச் சுரங்கத்தில் பாறை துளைக்கும் வேலை பார்த்தவர். ஒரு விபத்திலும் சிக்காமல் ஓய்வு பெற்றார். நான்கு வருஷம் கழித்து, மாடிப்படி ஏறும்போது பாதியிலேயே நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தார். வயசாகிறது என்று நாங்களும் விட்டுவிட்டோம். அது சிலிக்கோசிஸ், பாறைத் தூசியைச் சுவாசிப்பதால் வரும் நுரையீரல் நோய்.

அதனால் என் பதில், தூசி. கண்ணுக்குத் தெரிகிற தூசி பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலுமே நின்றுவிடும். பாறையில் இருக்கும் சிலிக்கா என்ற கனிமத்தின், சுமார் 5 மைக்ரானுக்கும் சிறிய துகள்தான் நுரையீரலின் அடிவரை போய்த் தங்குகிறது. உடம்பால் அதைக் கரைக்க முடியாது. தங்கிய இடமெல்லாம் தழும்பாகி, நுரையீரல் இறுகிப்போகும். பெரும்பாலும் 10 வருஷத்துக்கு மேல் தூசியில் இருந்த பிறகே வெளியே தெரியும். வேலையை விட்ட பிறகும் வளரும். தழும்பை மாற்ற மருந்து கிடையாது. காசநோய் வரும் வாய்ப்பும் பல மடங்கு கூடுகிறது. வேலையில் இருந்தவரை அப்பாவுக்கு எக்ஸ்ரே எடுத்த நிர்வாகம், ஓய்வுக்குப் பிறகு ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. நோய் தலைகாட்டுகிற வயசில் அவர்கள் கணக்கில் அவர் பெயரே இல்லை. இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம் காது. துளையிடும் இயந்திரத்தின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். தினமும் 8 மணி நேரம் 85 டெசிபலில் இருந்தாலே காலப்போக்கில் செவித்திறன் குறையும். வீட்டில் எல்லோரும் பேசிச் சிரிக்கும்போது, அப்பா எங்கள் முகங்களைப் பார்த்துச் சிரிப்பார். என்ன பேசினோம் என்று அவருக்குத் தெரியாது. வாழ்க்கைத் தரம் என்று கேட்டதும் எனக்கு அந்தச் சிரிப்புதான் நினைவுக்கு வந்தது.

அதிர்வில் விரல் மரத்துப்போவது, முதுகுவலி, இரவு ஷிப்டில் கெடும் தூக்கம் எல்லாம் இதற்கு மேல்.

முகமூடி கொடுத்தால் போதாதா என்பார்கள். வெக்கையில் ஷிப்ட் முழுக்க அதை மாட்டியிருப்பது கஷ்டம். தாடி இருந்தால் ஓரத்தில் தூசி புகுந்துவிடும். தண்ணீர் பாய்ச்சித் துளைப்பதும் நல்ல காற்றோட்டமும்தான் முதலில் வேண்டும்.

உங்கள் வீட்டில் சுரங்கத்தில் உழைத்தவர் இருந்தால், மருத்துவரிடம் அங்கே என்ன வேலை, எத்தனை வருஷம் என்பதை முதலில் சொல்லுங்கள். நாங்கள் சொல்லவில்லை, ஆஸ்துமா மருந்திலேயே ஒன்றரை வருஷம் போய்விட்டது.