கேட்டும் புரியவில்லை, படித்தும் புரியவில்லை: ஆங்கிலம் பற்றி வாசகர் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில், பள்ளி மாணவர்களின் ஆங்கில லிசனிங், ரீடிங் பற்றிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

ராணிப்பேட்டையில் டியூஷன் எடுக்கிறேன். தொழிற்சாலை வேலையாக இங்கே வந்து தங்கியிருக்கும் ஒரு சீனக் குடும்பத்துப் பையனும் என்னிடம் படிக்கிறான். ப்ளஸ் ஒன் வயது. ஊருக்குத் திரும்பிப் போய்க் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதப் போகிறான். இலக்கணத்தில் தப்பே விடுவதில்லை, ஆனால் ஆடியோ போட்டால் திணறுகிறான். நம் பிள்ளைகளும் திணறுகிறார்கள், தப்புகள்தான் வேறு மாதிரி. இருவரையும் சேர்த்து உட்கார வைத்து எப்படிச் சொல்லித் தருவது?
– ஓர் ஆசிரியை, ராணிப்பேட்டை

முதலில் அந்தப் பையன் எழுதப்போகும் தேர்வைத் தெரிந்துகொள்ளுங்கள் அம்மா. சீனாவின் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குக் காவ்காவ் என்று பெயர். பல மாகாணங்கள் எழுதும் தேசிய வினாத்தாளில் ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண், 120 நிமிடம். லிசனிங் அதில் 30 மதிப்பெண். 20 கேள்வி, கேள்விக்கு மூன்று ஆப்ஷன், சுமார் 20 நிமிடத்தில் முடிந்துவிடும். முதல் ஐந்தும் குட்டி உரையாடல்கள், ஒரே முறைதான் ஒலிக்கும். விடையைக் குறித்துவிட்டு அடுத்த கேள்வியைப் படிக்க மொத்தமே 10 நொடி. மீதி 15 கேள்விகள் ஐந்து நீளமான ஒலிப்பதிவுகளிலிருந்து வரும். அவை இரண்டு முறை ஒலிக்கும், தொடங்குமுன் கேள்விக்கு 5 நொடி வீதம் படிக்கக் கிடைக்கும். எனவே கேள்வியை முன்கூட்டியே படிப்பதும் பயிற்சியின் ஒரு பகுதிதான். வெறுமனே ஆடியோ போட்டுக் கேட்க வைத்தால் பாதி வேலைதான் ஆகும். மாகாணத்துக்கு மாகாணம் ஏற்பாடு மாறும் என்பதால், எந்தத் தாள் என்று பெற்றோரிடம் கேட்டுவிடுங்கள். குடும்பம் தைவானைச் சேர்ந்தது என்றால் கதையே வேறு. அங்கே லிசனிங்குக்குத் தனித் தேர்வு, 40 கேள்வி, 60 நிமிடம்.

இனி தப்புகள். சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் அசை உயிரொலியில் முடியும், இல்லையென்றால் ன், ங் போன்ற மூக்கொலியில் முடியும். ட், ப், க் என்று முடிவதே கிடையாது. அதனால் 'கேப்', 'கேட்' மாதிரிச் சொற்களின் கடைசி ஒலியை அந்தப் பையனின் காது தேடுவதே இல்லை. 'வாக்', 'வாக்ட்' இரண்டும் அவனுக்கு ஒன்றாகவே விழும். மாண்டரின் வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறாது என்பதால், நேற்று நடந்ததா, தினமும் நடப்பதா என்ற கேள்வியில் சறுக்குவான். இன்னொன்று, பேச்சு மாண்டரினில் அவன், அவள், அது மூன்றுக்கும் ஒரே ஒலி. ஆங்கில உரையாடலில் 'ஹீ', 'ஷீ' மாறி மாறி வரும்போது யார் என்ன சொன்னார்கள் என்பதைத் தொலைத்துவிடுவான். காலம், 'ஹீ'-'ஷீ' என்ற இந்த இரண்டு தொல்லையும் நம் பிள்ளைகளுக்கு இல்லை.

நம் பிள்ளைகளின் தொல்லை வேறு. 'பஸ்ஸு', 'கேட்டு' என்று கடைசியில் உகரம் சேர்த்தே பேசிப் பழகியவர்கள் அவர்கள். ஆங்கிலேயர் அந்தக் கடைசி 'ட்'டை விழுங்கிவிட்டால், நன்றாகத் தெரிந்த சொல்லே அடையாளம் தெரியாமல் போகும். 'ப', 'க' எழுத்துகள் ஒவ்வொன்றும் இரண்டு ஒலிக்கு வேலை செய்வதால் 'பேக்' என்று எழுதினால் மூட்டையா (bag), மூட்டை கட்டுவதா (pack) என்று நமக்கே தெரியாது. 'ஃப' ஒலியும் பலருக்கு 'ப'வாகவே விழும்.

இரு தரப்பும் சேர்ந்து விழும் குழி ஒன்று உண்டு, அங்கிருந்து ஆரம்பியுங்கள். தமிழிலும் மாண்டரினிலும் அசைகளுக்குக் கிட்டத்தட்ட சம நேரம். ஆங்கிலம் அப்படியல்ல. முக்கியச் சொல்லை அழுத்தி, மற்றதைச் சுருட்டிவிடும். 'ஐ கேன் கோ' என்பது காதில் 'ஐ க்ன் கோ' என்றுதான் விழும், அழுத்தம் 'கோ'வில். 'ஐ கேன்ட் கோ' என்றால் 'கேன்' நீண்டு அழுத்தமாக வரும், கடைசி 'ட்' பல நேரம் கேட்கவே கேட்காது. 'ட்' கேட்கிறதா என்று காத்திருப்பவன் எதிர்ப்பொருளில் விடை எழுதுவான், அழுத்தம் எங்கே என்று பார்ப்பவன் தப்பிப்பான். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' விஷயமும் இதேதான். 15 என்றால் பின் அசை நீளும், 50 என்றால் முன் அசையில் அழுத்தம்.

பயிற்சி முறை இது. எழுத்து வடிவம் கூடவே கிடைக்கும் ஆடியோவாக, 45 நொடியிலிருந்து ஒரு நிமிடம் வரை எடுத்துக்கொள்ளுங்கள். பிபிசி லேர்னிங் இங்கிலீஷ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் முறை பேனாவைத் தொடாமல் கேட்கட்டும், யார், எங்கே, எதற்கு என்று மட்டும் சொல்லட்டும். இரண்டாம் முறை ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி, காதில் விழுந்ததை அப்படியே எழுதட்டும். மூன்றாம் முறை விட்ட இடங்களை நிரப்பட்டும். அதற்குமேல் வேண்டாம், ஐந்தாறு முறை ஓட்டினால் மனப்பாடம்தான் ஆகும். பிறகு எழுத்து வடிவத்தைக் கையில் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். அர்த்தமே தெரியாத சொல்லுக்கு வட்டம், படித்தால் தெரியும் ஆனால் கேட்டபோது பிடிபடாத சொல்லுக்கு அடிக்கோடு, கடைசி ஒலி விட்டுப்போனதற்குப் பெருக்கல் குறி. ஒரு வாரத்துத் தாள்களைச் சேர்த்துப் பாருங்கள். வட்டங்கள் அதிகம் என்றால் ஆடியோ கடினம், இறக்குங்கள். அடிக்கோடு அதிகம் என்றால் சொற்பட்டியல் கொடுத்துப் பயனில்லை. அதே ஒரு நிமிடத்தை ஆடியோவோடு கூடவே, அதே வேகத்தில், அதே அழுத்தத்தில் வாய்விட்டுச் சொல்ல வைக்க வேண்டும். வாய் சுருட்டப் பழகினால் காதும் பழகும். பெரும்பாலான மாணவர்களின் தாளில் அடிக்கோடுதான் மிகுந்திருக்கும். ஆனால் பெரும்பாலான வகுப்புகளில் தருவது சொற்பட்டியல்தான். இதை மாற்றினாலே பாதி தூரம் வந்துவிடலாம்.

எண்களைத் தனியாகக் கவனியுங்கள். 'த்ரீ ஹண்ட்ரட் அண்ட் ஃபிஃப்டி தௌசண்ட்' என்றால் நம் பிள்ளை மூன்றரை லட்சம் என்று மாற்றுவான். சீனப் பையனுக்கு எண்ணிக்கை பத்தாயிரம் பத்தாயிரமாகப் போகும், அவன் 35 என்று வைத்துக் கணக்குப் போடுவான். இருவரும் மாற்றி முடிப்பதற்குள் அடுத்த வாக்கியம் போய்விடும். மாற்றவே கூடாது. 350 என்று எழுது, 'தௌசண்ட்' காதில் விழுந்ததும் மூன்று பூஜ்யம் போடு, 'மில்லியன்' என்றால் ஆறு பூஜ்யம். தினம் பத்து எண் வாசித்து எழுத வையுங்கள், போதும்.

சார், ப்ளஸ் டூ தமிழ் மீடியம் படிக்கிறேன். பாசேஜில் ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரிகிறது. ஆனால் நீளமான வாக்கியம் முடியும்போது என்ன சொல்ல வந்தார்கள் என்றே தெரிவதில்லை. வேகமாகப் படித்தால் சரியாகுமா?
– ஒரு மாணவர், குடியாத்தம்

வேகம் இப்போதைக்கு வேண்டாம் தம்பி. உன் சிக்கல் வாக்கியத்தின் அடுக்கில் இருக்கிறது. தமிழில் விளக்கம் முன்னால் வரும், ஆள் பின்னால் வருவார்: 'போன வருஷம் ரிட்டயர் ஆன கிளார்க்'. ஆங்கிலத்தில் ஆள் முதலில் வந்துவிடுவார், விளக்கம் பின்னால் வால் போல வரும். மேலே ஒரு ஆசிரியை கேட்டாரே, அந்தச் சீனப் பையனுக்கும் இதே சிக்கல் உண்டு. மாண்டரினிலும் நம்மைப் போலவே விளக்கம் முன்னால்தான்.

இந்த வாக்கியத்தைப் பார்: 'தி லெட்டர் தட் தி கிளார்க் ஹூ ரிட்டயர்ட் லாஸ்ட் இயர் ரோட் டு தி கலெக்டர் வாஸ் நெவர் ஓபன்ட்.' பென்சிலை எடு. 'தட்', 'ஹூ' இரண்டையும் வட்டமிடு, அங்கிருந்து வால் தொடங்குகிறது. இப்போது வினைகளைத் தேடு: 'ரிட்டயர்ட்', 'ரோட்', 'வாஸ் ஓபன்ட்'. மூன்று வினை இருந்தால் மூன்று எழுவாய் இருந்தாக வேண்டும். கடைசியாகத் திறந்த வால் முதலில் மூடும்: ரிட்டயர் ஆனது கிளார்க். அடுத்து, எழுதியதும் அந்தக் கிளார்க்கே. எஞ்சியது 'லெட்டர்', அதற்குக் கிடைப்பது 'வாஸ் நெவர் ஓபன்ட்'. வால்களை மூடிவிட்டுப் படித்தால் 'கடிதம் பிரிக்கப்படவே இல்லை', செய்தி அவ்வளவுதான். 'கலெக்டர் திறக்கப்படவில்லை' என்று எழுதும் மாணவர்கள் பக்கத்தில் இருந்த பெயரை வினையோடு ஒட்டிவிடுகிறார்கள்.

பாடப்புத்தக உரைநடையிலிருந்து இப்படி நீளமான வாக்கியமாகத் தினம் நான்கு எடுத்துச் செய். 'தட்', 'ஹூ', 'விச்' எழுதாமலே விட்டுவிடும் வாக்கியங்களும் உண்டு ('தி புக் ஐ பாட்'). இரண்டு பெயர்கள் இடைவெளியே இல்லாமல் ஒட்டி நின்றால், நடுவில் ஒரு 'தட்' ஒளிந்திருக்கிறது என்று சந்தேகப்படு. பின்னாலிருந்து தமிழாக்கிப் படிக்கும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடு. லிசனிங்கில் பின்னால் போக வழியே கிடையாது.

மகள் பத்தாம் வகுப்பு. ஆங்கில நாளிதழ் வாங்கிப் போட்டால் ரீடிங் தேறும் என்கிறார்கள். வாங்கினேன், ஒரு வாரத்தில் தொடுவதையே விட்டுவிட்டாள்.
– ஒரு தந்தை, சத்துவாச்சாரி

தலையங்கப் பக்கத்தைக் கொடுத்திருப்பீர்கள். ஒரு பக்கத்தில் 100 சொற்களை எண்ணி, தெரியாத சொற்களுக்குக் கோடு போடச் சொல்லுங்கள். இரண்டு அல்லது அதற்கும் குறைவு என்றால் அவளே தனியாகப் படிக்கலாம். மூன்று முதல் ஐந்து வரை என்றால் பக்கத்தில் ஒருவர் வேண்டும். அதற்கு மேல் என்றால் அந்தப் பக்கம் இப்போதைக்கு ஆகாது, மகளிடம் குறை ஒன்றும் இல்லை. துணையில்லாமல் படித்துப் புரிந்துகொள்ள நூற்றுக்கு 98 சொல் தெரிந்திருக்க வேண்டும் என்பது மொழி கற்பித்தல் ஆய்வாளர்கள் சொல்லும் கணக்கு. விளையாட்டுப் பக்கம், உள்ளூர்ச் செய்தி, வானிலை இவற்றில் தொடங்குங்கள். முதல் நாள் தமிழில் படித்த செய்தியையே மறுநாள் ஆங்கிலத்தில் படித்தால் இன்னும் எளிது. நேஷனல் புக் டிரஸ்ட், சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட் வெளியீடுகள் விலையும் குறைவு, மொழியும் எளிமை.

இரண்டு ஆப்ஷனைத் தள்ளிவிடுகிறேன். மீதி இரண்டில் எப்போதும் தப்பானதையே எடுக்கிறேன். ஏன்?
– ஒரு மாணவி, அரக்கோணம்

பாசேஜில் இருந்த அதே சொல் எந்த ஆப்ஷனில் இருக்கிறதோ அதை எடுக்கிறாய். கேள்வி தயாரிப்பவர்கள் அதை எதிர்பார்த்தே வலை விரிக்கிறார்கள். சரியான விடை பெரும்பாலும் வேறு சொற்களில் இருக்கும், வலையில்தான் பாசேஜின் சொல் அப்படியே கிடக்கும்.

லிசனிங்கில் ஓர் உதாரணம். வேலூர் பஸ் ஸ்டாண்டில் இருவர் பேசுகிறார்கள். ஒருவர், திருவண்ணாமலை பஸ் வழக்கமாக ஆறு மணிக்கு என்கிறார். மற்றவர், இன்றைக்குப் பௌர்ணமி, கிரிவலக் கூட்டம், அரைமணி முன்னதாகவே எடுத்துவிடுவார்கள் என்கிறார். கேள்வி: இன்று பஸ் எத்தனை மணிக்கு? ஆப்ஷன்கள் 5.30, 6.00, 6.30. காதில் நேராக விழுந்த ஒரே நேரம் 6.00. விடை 5.30, அது உரையாடலில் ஒலிக்கவே இல்லை. 'யூஷுவலி', 'பட்', 'ஆக்சுவலி', 'நோ, வெயிட்' மாதிரிச் சொல் விழுந்தால் அதற்கு முன் குறித்ததைப் பென்சிலால் அடித்துவிடத் தயாராக இரு.

எதிர்மறைக் கேள்வியிலும் கவனம் தேவை. 'வரலையா?' என்றால் நாம் 'ஆமாம், வரலை' என்போம். சீன மாணவர்களும் தங்கள் மொழியில் அப்படியே சொல்வார்கள். ஆங்கிலத்தில் வராதவர் 'நோ' என்றுதான் சொல்வார், 'யெஸ்' என்றால் வருகிறார் என்று பொருள். ரீடிங்கில் 'ஆல்வேஸ்', 'நெவர்', 'ஒன்லி' உள்ள ஆப்ஷனை எடுக்குமுன், பாசேஜும் அவ்வளவு அடித்துச் சொல்கிறதா என்று அந்த வரியில் விரலை வைத்துச் சரிபார். வரியைக் காட்ட முடியாவிட்டால் அந்த விடையை விட்டுவிடு.

சப்டைட்டில் போட்டு ஆங்கிலப் படம் பார்த்தால் காது தேறுமா?
– ஒரு வாசகர், ஆம்பூர்

தமிழ் சப்டைட்டில் என்றால் தேறாது, கண்தான் வேலை செய்யும். ஆங்கில சப்டைட்டில் ஓரளவு உதவும். மூன்று நிமிடக் காட்சியை முதலில் சப்டைட்டில் இல்லாமல், பிறகு ஆங்கில சப்டைட்டிலோடு, மறுபடி இல்லாமல் பாருங்கள். வேகத்தை 0.75க்குக் கீழே இறக்காதீர்கள், ஒலி இழுபட்டு அழுத்தமே மாறிவிடும்.

ப்ளஸ் டூ பொதுத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 90 மதிப்பெண் எழுத்துத் தேர்வு, 10 அகமதிப்பீடு. ஆடியோ போட்டு யாரும் தேர்வு வைப்பதில்லை. பிறகு எதற்கு லிசனிங் என்று என் பிள்ளை கேட்கிறான்.
– ஒரு தாய், காட்பாடி

கேள்வி நியாயமானதுதான் அம்மா. பொதுத் தேர்வுக்காக என்றால் லிசனிங் தேவையில்லை. ஆனால் தமிழ் மீடியத்திலிருந்து இன்ஜினியரிங், நர்சிங் போகும் பிள்ளை முதல் செமஸ்டரில் தடுமாறுவது புத்தகத்தில் குறைவு, லெக்சரில்தான் அதிகம். நர்சிங் முடித்து வெளிநாடு போக நினைப்பவர்கள் வேலூரில் நிறைய. மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடியில் லிசனிங்குக்கு மட்டும் 42 கேள்வி. வெளிநாட்டில் படிக்க, வேலை பார்க்க எழுதும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் லிசனிங்கில் 40 கேள்வி, சுமார் 30 நிமிடம், ஆடியோ ஒரே முறைதான். அப்போது மூன்று மாதம் கோச்சிங் போய்ப் பணம் கட்டுவதைவிட, இப்போது வாரம் நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் செலவழிப்பது மேல்.

பாடப்புத்தகத்தில் லிசனிங் பயிற்சிகள் இருக்கின்றன, பல பள்ளிகளில் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வீட்டில் யாராவது பகுதியை வாசிக்க, அவன் புத்தகத்தை மூடிவைத்துக் கேள்விக்குப் பதில் எழுதட்டும். காட்பாடி ஜங்ஷன் பக்கம் போகும்போது ரயில் அறிவிப்பு தமிழிலும் ஆங்கிலத்திலும் வரும். ஆங்கிலத்தில் வருவதை வைத்து வண்டி எண், நேரம், பிளாட்பாரம் மூன்றையும் போனில் குறித்து, தமிழ் அறிவிப்பு வரும்போது சரிபார்க்கச் சொல்லுங்கள். ஸ்டேஷன் இரைச்சலில் வண்டி எண்ணின் ஐந்து இலக்கத்தையும் தப்பில்லாமல் பிடிக்க ஆரம்பித்துவிட்டால், ஆகாசவாணியின் ஆங்கிலச் செய்தியில் முதல் இரண்டு நிமிடத்துக்கு நகர்த்தலாம். தலைப்புச் செய்திகள் அங்கேதான் வரும், அவற்றின் விரிவு பின்னால் மறுபடி ஒலிக்கும் என்பதால் விட்டதைப் பிடிக்க இன்னொரு வாய்ப்பும் உண்டு.