உருமாற்றம் இலவசமா?

கேள்வி: உயிரினங்கள் மோதி, உருமாறி வளர்கிற சீட்டாட்டம் ஒன்றை நானும் தம்பியும் சொந்தமாக உருவாக்குகிறோம். ஒருவருக்குப் பெரிய வடிவம் வந்துவிட்டால் ஆட்டம் அத்தோடு முடிந்துவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: உருமாற்றத்துக்கு எந்த விலையும் வைக்கவில்லை போலிருக்கிறது, சிக்கல் அங்கேதான். 1996-ல் ஜப்பானில் வெளிவந்த போகிமான் சீட்டாட்டத்தைப் பாருங்கள்: களத்தில் இறக்கிய சுற்றிலேயே சாதாரணமாக ஓர் உயிரினத்தை உருமாற்ற முடியாது, எதிராளியின் ஒரு சுற்றையாவது அது தாக்குப்பிடிக்க வேண்டும், உருமாறினாலும் வாங்கிய அடி அப்படியே இருக்கும். இதை எடுத்துக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அப்புறம், தாக்குதலுக்கும் விலை வையுங்கள். உருமாறாத குட்டி, தாக்கத் தேவையான சக்திச் சீட்டு ஒன்றுக்கு 10 புள்ளி அடிக்கிறது என்றால், பெரியது 40 அடிக்க மூன்று சீட்டு கேட்கட்டும். அதைச் சேர்ப்பதற்குள் எதிராளி சுதாரித்துக்கொள்வார். பெரியதிடம் இல்லாத ஒரு திறனைக் குட்டிக்குக் கொடுங்கள், உருமாற்றலாமா வேண்டாமா என்று கை தயங்க வேண்டும், இந்த வகை ஆட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடமே அதுதான்.

படம் வரைவது இப்போது வேண்டாம். வெறும் தாளில் பென்சிலால் எண்களை எழுதி ஆடுங்கள், சரிவராத எண்ணை அழித்து மாற்ற அப்போதுதான் மனசு வரும்.