‘முலாம்’ எங்கிருந்து வந்தது? ரசீதில் அந்தச் சொல் இருந்தால் எதைக் கேட்க வேண்டும்?

கேள்வி: நான் வாங்கிய வளையலின் ரசீதில் ‘24 காரட் தங்க முலாம்’ என்று இருக்கிறது. இணையத்தில் பார்த்த பழைய மணிக்கூட்டுக்கு ‘ஓர்மொலு’ என்றும், ஒரு மோதிரத்துக்கு ‘வெர்மெய்’ என்றும் போட்டிருக்கிறார்கள். மூன்றும் ஒன்றுதானா? முலாம் தமிழ்ச் சொல்லா?

பதில்: இல்லை, அரபுச் சொல். ‘லமஅ’ என்றால் மின்னுதல். அதிலிருந்து வந்த ‘முலம்மஅ’ என்பதற்கு மினுக்கு ஏற்றப்பட்டது என்று பொருள். உருதுவில் ‘முலம்மா’ ஆகி, தமிழில் முலாம் என்று நிலைத்தது. வேர்ச்சொல்லில் தங்கமே கிடையாது, பளபளப்பு மட்டும்தான். வெள்ளி முலாம், நிக்கல் முலாம் என்றெல்லாம் சொல்ல முடிவது அதனால்தான்.

தமிழின் பழைய வினைச்சொற்கள் இன்னும் கறாரானவை. தகடாக அடித்துப் போர்த்தினால் வேய்தல், குழம்பாகத் தடவினால் பூசுதல். தில்லையம்பலத்துக்கு முதலாம் பராந்தக சோழன் பொன் வேய்ந்தான், முலாம் பூசவில்லை. கவரிங், கில்ட்டு இரண்டும் ஆங்கில வரவு.

‘ஓர்மொலு’ பிரெஞ்சிலிருந்து வந்தது: ‘ஓர்’ பொன், ‘மூலூ’ அரைத்தது. பொன்பொடியைப் பாதரசத்தில் கரைத்து வெண்ணெய்ப் பதத்தில் வெண்கலத்தின் மேல் தடவிச் சூடாக்குவார்கள். 357 டிகிரி செல்சியஸில் பாதரசம் கொதித்து ஆவியாகிவிடும், தங்கம் வெண்கலத்தோடு பிணைந்து நிற்கும். 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு மணிக்கூடுகளில் இந்த வேலையைப் பார்க்கலாம். அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளிகளுக்கு அது நஞ்சு. பின்னாளில் தங்கம் போலத் தோன்றும் செம்பு, துத்தநாகக் கலவைக்கும் இதே பெயரைச் சூட்டிவிட்டார்கள். எனவே விற்பனைப் பட்டியலில் ஓர்மொலு என்று இருப்பது தங்கத்துக்கு உத்தரவாதம் ஆகாது. உண்மையான பூச்சாக இருந்தால் பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்க்கக் கூடாது, தங்கம் துணியோடு வந்துவிடும். பற்றவைப்பதும் வேண்டாம், பூச்சில் எஞ்சியிருக்கும் பாதரசம் சூட்டில் வெளியேறும்.

‘வெர்மெய்’ என்றால் அடியில் வெள்ளி. சிறு புழுவைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் தொடங்கி, பூச்சியிலிருந்து எடுத்த சிவப்புச் சாயத்தின் வழியாகச் சிவப்பு என்ற பொருளுக்கு வந்து, கடைசியில் பொன் பூசிய வெள்ளியில் போய் நின்ற விசித்திரமான சொல் இது. அமெரிக்க வணிக விதிப்படி அடிப்பொருள் 925 வெள்ளியாகவும் (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி), பூச்சு 10 காரட்டுக்குக் குறையாமலும், 2.5 மைக்ரான் தூய தங்கத்தின் தடிமனுக்கு ஈடாகவும் இருக்க வேண்டும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மூன்றில் இந்த ஒரு சொல்லுக்குத்தான் அளவுகோல் கூடவே வருகிறது.

உங்கள் வளையலுக்கு வருவோம். 24 காரட் என்பது பூச்சின் தூய்மை, வளையலின் தூய்மை அல்ல. உள்ளும் புறமுமாகப் பரப்பு 40 சதுர செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 1 மைக்ரான் பூச்சில் இருக்கும் தங்கம் சுமார் 77 மில்லிகிராம். மலிவான பூச்சு 0.2 மைக்ரான்கூட இருக்காது. அப்போது 15 மில்லிகிராமுக்கும் கீழே. ஆகவே கடையில் கேட்க வேண்டியது காரட்டை அல்ல. எத்தனை மைக்ரான், அடியில் என்ன உலோகம், நடுவில் நிக்கல் அடுக்கு உண்டா என்பவற்றைத்தான்.

நிக்கலை எதற்குக் கேட்பது? செம்பின் மேல் நேராகத் தங்கம் பூசினால், செம்பின் அணுக்கள் மெல்ல மெல்லத் தங்கத்துக்குள் ஊடுருவி மேலே வந்து காற்றுப் பட்டுக் கறுக்கும். ‘தங்கம் கறுத்துவிட்டது’ என்று நாம் நினைப்பது பெரும்பாலும் இந்தச் செம்பைத்தான். நிக்கல் அடுக்கு அதைத் தடுக்கும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் அதற்குப் பதிலாகப் பல்லேடியம் அடுக்கு போட்டதைக் கேட்டு வாங்கலாம்.

முதலில் தேய்வது விளிம்பும் கொக்கியும். மறுபடி முலாம் போடக் கொடுத்தால், கறுப்பை முழுதாக நீக்கி, பாலிஷ் செய்து, நிக்கல் ஏற்றிய பிறகே தங்கம் ஏற்றச் சொல்லுங்கள். கறுப்பின் மேலேயே போட்டால் அந்த இடத்தில் தோல் உரிவதுபோல் உரிந்துவிடும்.