முழங்கால் மாற்றிய பின்: வாசகர் கேள்வியும் வைத்தியர் பதிலும்

கேள்வி: 68 வயதான என் அம்மாவுக்கு இடது முழங்காலில் மாற்றுச் சத்திரசிகிச்சை செய்து ஆறு கிழமைகள் ஆகின்றன. அவருக்கு நீரிழிவும் உண்டு. நோ குறைந்துவிட்டதால் இனிக் கிளினிக் தேவையில்லை என்கிறார். முழங்காலின் கீழே தலையணை வைத்தே படுக்கிறார். வீக்கமும் சூடும் முற்றாகப் போகவில்லை. எண்ணெய் பூசி உருவிவிடுமாறு அயலவர்கள் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?
– ஒரு மகள், சுன்னாகம்

பதில்: முதலில் அந்தத் தலையணையை எடுத்துவிடுங்கள். முழங்கால் சற்று மடிந்திருக்கும்போது நோ குறைவதுபோலத் தோன்றும். ஆனால் இரவு முழுவதும் அப்படியே கிடந்தால் மூட்டைச் சுற்றியுள்ள தசைகளும் நார்களும் இறுகி, காலை முழுமையாக நீட்ட முடியாமற் போய், நடை நொண்டத் தொடங்கும். காலை உயர்த்தி வைக்க வேண்டுமானால், சுருட்டிய துவாயொன்றைக் குதிக்காலின் கீழே வைத்து, முழங்காலின் பின்புறம் கட்டிலை நோக்கித் தாழ விடுங்கள். அந்நிலையிலேயே தொடைத் தசையை இறுக்கி முழங்காலைக் கீழ்நோக்கி அழுத்தி, ஐந்து வரை எண்ணிய பின் தளர்த்தட்டும். மடிப்பையும் கவனியுங்கள். கதிரையில் இருந்தபடி பாதத்தைப் பின்னுக்கு இழுக்கும்போது 90 பாகைக்குக்கூட முழங்கால் மடியவில்லையென்றால், இயன்மருத்துவரிடம் உடனே கூட்டிச் செல்லுங்கள். நாட்பட நாட்பட இறுக்கத்தைத் தளர்த்துவது கடினம்.

மிதமான வீக்கமும் இளஞ்சூடும் சில மாதங்கள் நீடிப்பது வழமையே. எண்ணெய் உருவுதலும் பத்துப் போடுதலும் வேண்டாம்; துணியில் சுற்றிய ஐஸ் போதும். ஆனால் தழும்பிலிருந்து நீரோ சீழோ கசிந்தாலும், காய்ச்சல் வந்தாலும், சிவப்பு நாளுக்கு நாள் கூடினாலும், அடுத்த கிளினிக் திகதி வரை காத்திராமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். கெண்டைக்கால் வீங்கிக் கடுத்தாலோ, திடீரென மூச்சு முட்டினாலோ, குருதிக்கட்டியாக இருக்கக்கூடும் என்பதால் ஒரு மணித்தியாலம்கூடத் தாமதிக்க வேண்டாம். பாமசியில் நீங்களாகவே அன்ரிபயோட்டிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். பின்னர் மூட்டுநீரைச் சோதிக்கும்போது கிருமி பிடிபடாமல் போகலாம்.

நோ இல்லாவிட்டால் கிளினிக் வேண்டாம் என்பதை என்னால் ஏற்கவே முடியாது. செயற்கை மூட்டு தளர்வதும், அதைச் சுற்றியுள்ள என்பு கரைவதும், தொடக்கத்தில் எந்த நோவும் தராமலே நடக்கலாம்; அப்போது அவற்றைப் பெரும்பாலும் காட்டிக்கொடுப்பது எக்ஸ்ரேதான். பழைய படத்தோடு புதியதை ஒப்பிட்டால்தான் மாற்றம் புலப்படும் என்பதால், எக்ஸ்ரே படங்களைக் கிளினிக் கொப்பியோடு பத்திரமாக வைத்திருங்கள். மாற்றிய முழங்கால்களில் பெரும்பாலானவை 20 ஆண்டுகளுக்கு மேல் உழைக்கின்றன. அவ்வளவு காலத்துக்கும் இந்தக் கண்காணிப்பு வேண்டும்.

குந்து மலசலகூடத்துக்குப் பதிலாகக் கொமட் கதிரையொன்றை ஒழுங்கு செய்யுங்கள். நீரிழிவு உள்ளவருக்குச் சொத்தைப் பல்லும் பாதத்தின் சிறு புண்ணும் அற்பமானவை அல்ல. அங்கிருந்து கிருமி குருதிவழியே, ஆண்டுகள் பல கழிந்த பின்னும், செயற்கை மூட்டைச் சென்றடையலாம். ஆகவே சீனியைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதோடு, நல்லூர்த் திருவிழாவில் வெறுங்காலுடன் சுடுமணலில் நடந்து வந்த அன்று, படுக்கும் முன் இரு உள்ளங்கால்களையும் வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள்.