படங்களை முதலில் எடுங்கள், கணினியைப் பிறகு திருத்தலாம்

கேள்வி: நாங்கள் முள்ளியவளையில் இருக்கிறோம். மகளின் உயர்தரப் படிப்புக்காக வாங்கிய மேசைக் கணினி, இடி மழையில் மின்சாரம் நின்று நின்று வந்த ஓர் இரவுக்குப் பிறகு இயங்கவில்லை. விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது. கறுப்புத் திரையில் "நோ பூட் டிவைஸ்" என்று மட்டும் வருகிறது. வன்தட்டு பழுதாகிவிட்டது என்றும், போர்மட் செய்து பார்க்கலாம், சரிவராவிட்டால் உத்தரவாதத்தில் புதியது மாற்றித் தரலாம் என்றும் கடைக்காரர் சொல்கிறார். 2009 இல் இடம்பெயர்ந்தபோது எங்கள் குடும்பப் படங்கள் எல்லாம் போய்விட்டன. பிற்பாடு வெளிநாட்டு உறவினர்கள் ஸ்கான் செய்து அனுப்பிய படங்கள் இதற்குள்தான் இருக்கின்றன. என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் எழுத்தில் சம்மதிக்கும்வரை அந்த வன்தட்டைப் போர்மட் செய்யவோ மாற்றவோ வேண்டாம் என்று கடைக்காரருக்கு இன்றே தெரிவித்துவிடுங்கள். கணினியைத் திருத்துவதும் அதற்குள் இருப்பதை மீட்பதும் இரண்டு வேறு வேலைகள். முதலாவதை விரைவில் முடிக்க உதவும் போர்மட்தான் இரண்டாவதைக் கெடுக்கிறது. விரைவாகச் செய்யும் போர்மட் பழைய கோப்புகளை உடனே முழுவதும் அழித்துவிடாது என்பது உண்மை. ஆனால் அதற்குப் பிறகு விண்டோஸை நிறுவும்போது பல கிகாபைட் அளவு புதிய தரவு பழையவற்றின் மேல் எழுதப்படுகிறது, அப்படி எழுதப்பட்ட இடத்தில் இருந்ததை எவராலும் திரும்ப எடுக்க முடியாது. "சீ டிரைவை மட்டுந்தான் அழிப்போம், டீ டிரைவில் உள்ளது பத்திரமாக இருக்கும்" என்று சில கடைகளில் ஆறுதல் சொல்வார்கள். திரையின் முகப்பில் வைத்தவை, தரவிறக்கியவை, "பிக்சர்ஸ்", "டொக்கியுமென்ற்ஸ்" கோவைகளில் சேமித்தவை யாவும் வழமையாகச் சீ டிரைவிலேயே இருக்கும் என்பதால், பெரும்பாலான வீடுகளுக்கு அந்த ஆறுதல் பயன்படாது.

அடுத்து, அந்த வாசகம் வந்த அளவிலேயே வன்தட்டு செத்துவிட்டது என்று முடிவு செய்ய முடியாது. விண்டோஸ் உள்ள ஒரு தட்டைக் கணினியால் கண்டுகொள்ள முடியவில்லை என்பதே அதன் பொருள். தட்டை மதர்போர்ட்டுடன், அதாவது கணினியின் முதன்மைச் சுற்றுப் பலகையுடன், இணைக்கும் சாட்டா வயர் தளர்ந்திருந்தாலும், அதன் முனையில் தூசி படிந்திருந்தாலும் இதே வாசகம் வரும். மின்சாரம் திடீரென நின்றபோது விண்டோஸின் தொடக்கக் கோப்புகள் மட்டும் குழம்பியிருந்தாலும் இதை ஒத்த வாசகம் வரலாம். மதர்போர்ட்டில் காசு போன்ற ஒரு சிறிய வட்ட பற்றரி இருக்கிறது; சிஆர் 2032 என்று அதன் மேல் எழுதியிருக்கும், 3 வோல்ட். அது இறங்கிவிட்டால், மின்சாரம் நின்ற மறுகணமே கணினி தன் அமைப்புகளை மறந்து, எந்தத் தட்டிலிருந்து எந்த முறையில் தொடங்குவது என்று தெரியாமல் நிற்கும். விண்டோஸ் தொடங்குவதற்கு முன் திறக்கக்கூடிய பயோஸ் எனும் அமைப்புத் திரைக்குள் சென்று திகதியைப் பாருங்கள். பல ஆண்டுகள் பின்னுக்குப் போயிருந்தால் பற்றரியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அது எந்தக் கடையிலும் மலிவாகக் கிடைக்கும். அதே திரையில் வன்தட்டின் பெயரும் கொள்ளளவும் தெரிகின்றனவா என்றும் கவனியுங்கள். அவை சரியாகத் தெரிந்தால் பெரும்பாலும் படங்களை மீட்கலாம்.

பெட்டியைத் திறப்பதானால் மின்வயரைச் சுவரிலிருந்து முற்றாகக் கழற்றி, தொடக்கும் பொத்தானைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றி, வெறும் உலோகப் பகுதியைக் கையால் தொட்ட பின்னரே உள்ளே கை வைக்க வேண்டும். கணினியை மீண்டும் தொடக்கியதும் தட்டின் அருகே காதை வைத்துக் கேளுங்கள். ஒரே சீரான மெல்லிய இரைச்சல் வந்தால் நல்லது. "டிக், டிக்" என்று ஒரே தாளத்தில் தட்டும் ஒலி வந்தால், படிக்கும் முனை தன் இடத்தைப் பிடிக்க முடியாமல் தவிக்கிறது என்று பொருள். அந்தக் கணத்திலேயே மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். மறுபடியும் தொடக்கிப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

ஒலி சீராக இருந்தால் கடைக்காரரே படங்களை எடுத்துத் தரலாம். தட்டைக் கழற்றி, சாட்டாவை யூஎஸ்பியாக மாற்றும் இணைப்பான் மூலம் வேறொரு கணினியில் பொருத்தி, தேவையானவற்றை ஒரு வெளித் தட்டுக்குப் பிரதி செய்வதுதான் முறை. கழற்ற விரும்பாவிட்டால், லினக்ஸ் மின்ற் அல்லது உபுண்டு போன்ற இலவச இயங்குதளத்தை வேறொரு கணினியில் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து உங்கள் கணினியைத் தொடக்கலாம். நிறுவுவதைத் தெரிவு செய்யாமல், நிறுவாமல் பயன்படுத்திப் பார்க்கும் வழியையே தெரிவு செய்தால் வன்தட்டில் எதுவும் எழுதப்படாது. கணினித் துறை படிக்கும் பிள்ளை ஒருவர் அயலில் இருந்தால் இதைப் பொறுமையாகச் செய்து தருவார். பிரதி முழுவதும் முடிந்து, நீங்களே சில படங்களைத் திறந்து பார்க்கும்வரை, விண்டோஸின் தட்டுத் திருத்தும் கட்டளைகள் எதையும் ஓடவிட வேண்டாம். நலிந்த தட்டில் அவை உதவுவதைவிடக் கெடுப்பதே அதிகம்.

டிக் ஒலி எழுப்பும் தட்டையோ அமைப்புத் திரையில் தெரியாத தட்டையோ எங்கள் பகுதிக் கடைகளில் திறக்கக் கொடுக்கவே கூடாது. படிக்கும் முனை தட்டின் மேல் மீற்றரின் நூறு கோடியில் சில பங்கு இடைவெளியில் மிதப்பதால், வன்னியின் கோடைத் தூசியில் ஒரு துகள் உள்ளே விழுந்தாலும் தட்டைக் கெடுக்கப் போதும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுக்கும் கைவைத்தியமும் வேண்டாம். உள்ளே நீர் கசிந்து படியும். இதற்குத் தூசியற்ற அறை வைத்திருக்கும் மீட்பு நிலையமே வேண்டும், அதற்குப் பெரும்பாலும் கொழும்புக்குத்தான் போக வேண்டியிருக்கும். பஸ்ஸில் பார்சலாகப் போடாமல், நுரைப்பஞ்சில் சுற்றி நம்பிக்கையான ஒருவர் கையில் கொடுத்தனுப்புங்கள். பரிசோதிக்க எவ்வளவு, மீட்க எவ்வளவு, ஒன்றும் கிடைக்காவிட்டால் எவ்வளவு என்ற மூன்றையும் முன்கூட்டியே எழுத்தில் பெறுங்கள்.

உத்தரவாதம் உங்களுக்குப் புதிய தட்டைத் தரும், பழைய தட்டில் இருந்ததைத் தராது. புதியதைத் தரும்போது பழையதைத் திருப்பிக் கேட்பதும் வழக்கம். கொடுத்துவிட்டால் படங்களும் அதனுடன் போய்விடும். ஆகவே உத்தரவாதக் காலம் முடியும் திகதியைப் பார்த்து, அதற்குள் மீட்பு முயற்சியை முடிக்கப் பாருங்கள். முடியாமற் போனால், என் கருத்தில், உத்தரவாதத்தை விட்டுவிட்டுப் பழைய தட்டை வைத்திருப்பதே சரி. ஸ்கான் செய்து அனுப்பிய உறவினர்களிடமும் இப்போதே சொல்லி வையுங்கள்: மின்னஞ்சலிலோ தொலைபேசியிலோ அந்தப் படங்கள் இருந்தால் அழிக்க வேண்டாம். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: கிளிநொச்சியில் வாங்கிய மடிக்கணினி திடீரென்று நீல நிறத் திரையில் "பிற்லொக்கர்" மீட்புச் சாவி கேட்கிறது. அப்படி ஒன்றை நான் வைக்கவேயில்லை. பணம் கொடுத்தால் உடைத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். பிற்லொக்கர் என்பது தட்டில் உள்ளவற்றைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் விண்டோஸ் வசதி. அது கேட்பது 48 இலக்கங்கள் கொண்ட சாவி; அது இல்லாமல் உள்ளே இருப்பதைப் படிக்க வழி இல்லை, அவர் செய்யக்கூடியது தட்டை அழித்துப் புதிதாக விண்டோஸ் போடுவதுதான். புதிய மடிக்கணினிகள் பலவற்றில், மைக்ரோசொப்ற் கணக்கு ஒன்றுடன் முதன்முறை நுழையும்போது இந்தப் பூட்டு தானாகவே விழுந்து, சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்படுகிறது. பயோஸ் புதுப்பித்தலுக்குப் பிறகோ மதர்போர்ட் மாற்றிய பிறகோ அதைக் கேட்கும். வேறொரு கணினியிலோ தொலைபேசியிலோ உங்கள் கணக்கில் நுழைந்து, திரையில் தெரியும் சாவி அடையாளத்துடன் ஒத்ததைத் தேடுங்கள். அங்கே இல்லாவிட்டால் ஒரு கேள்வி முக்கியமானது: மடிக்கணினியை முதலில் அமைத்துத் தந்தவர் யார்? கடைக்காரர் அவசரத்துக்குத் தன் மின்னஞ்சலைப் போட்டிருந்தால் சாவி அவருடைய கணக்கில்தான் இருக்கும். உடனே போய்க் கேளுங்கள். இனி வாங்குபவர்கள் தங்கள் சொந்தக் கணக்கிலேயே அமைக்கச் சொல்லி, சாவியை ஒரு தாளில் எழுதிக் காணி உறுதியுடன் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வவுனியாவில் திருத்தக் கொடுத்த கணினியைக் கேட்காமலே போர்மட் செய்துவிட்டார்கள். யாரிடம் முறையிடுவது?

பதில்: முதலில் அந்தக் கணினியை இயக்குவதை நிறுத்துங்கள். உள்ளே இருப்பது வன்தட்டாக இருந்தால், அதை வேறொரு கணினியில் பொருத்தி ஓடவிடும்போது போட்டோரெக் என்ற இலவசச் செயலி மேலெழுதப்படாத படங்களைத் தேடி எடுக்கும். கோப்புப் பெயர்கள் போய்விடும், படங்கள் கிடைக்கலாம். சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி ஆக இருந்தால் வாய்ப்பு மிகக் குறைவு.

முறைப்பாட்டுக்கு 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. சேவை வழங்கப்பட்டு மூன்று மாதங்களுக்குள் அந்த அதிகாரசபையிடம் எழுத்தில் முறையிட வேண்டும். 1977 என்ற இலக்கத்தில் அழைத்தும் வழி கேட்கலாம். பற்றுச்சீட்டு உங்களிடம் இல்லாவிட்டால் இப்போதே கடையில் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. கணினியை ஒப்படைத்த நாளையும், என்ன வேலை செய்யச் சொன்னீர்கள் என்பதையும் கடிதத்தில் தெளிவாக எழுதி, பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்து அனுப்புங்கள். மூலப்பிரதியைக் கையை விட்டுக் கொடுக்க வேண்டாம்.