கிட்டார் பட்டறை – கேள்வி பதில்: டிரஸ் ராடும் பிரேஸும்

கே: முதல் அக்கூஸ்டிக் கிட்டார் செய்கிறேன். டூ-வே டிரஸ் ராட் (நெக்குக்குள் இருந்து அதன் வளைவை இருபக்கமும் திருத்தும் இரும்புத் தண்டு) வாங்கியாயிற்று. நெக்கில் பள்ளம் எவ்வளவு ஆழம் எடுப்பது?
– வாசகர், பெரம்பூர்

ப: ராடைக் கையில் வைத்துக்கொண்டு அளவெடுங்கள், அட்டைப்பெட்டியில் அச்சிட்ட அளவை நம்ப வேண்டாம். பெரும்பாலும் 6 மி.மீ. அகலம், 9 முதல் 10 மி.மீ. உயரம் இருக்கும். வெல்டிங் உள்ள முனை கொஞ்சம் தடித்திருக்கலாம், அங்கேயும் வெர்னியர் வைத்துப் பாருங்கள். நெக்கைச் செதுக்கும் முன்பே, கட்டை சதுரமாக இருக்கும்போதே, ரூட்டரில் 6 மி.மீ. பிட் போட்டுத் தடவைக்கு 3 மி.மீ.யாக இறக்குங்கள். விரலால் அழுத்தினாலே ராட் உட்கார வேண்டும், பக்கவாட்டில் ஆடக்கூடாது, மேல்விளிம்பு மரத்தோடு சமமாக நிற்க வேண்டும். முதல் ஃபிரெட் அருகே நெக் 21 மி.மீ., அதில் ஃபிரெட் போர்டு (விரல் வைக்கும் மேல்பலகை) 6 என்றால் மரம் 15. பள்ளம் 10 போனால் அடியில் மிச்சம் 5 மி.மீ.தான். ‘கொஞ்சம் கூட இருக்கட்டுமே’ என்று 12 எடுத்தால், பின்பக்கம் செதுக்கும்போது பள்ளம் வெளியே தெரியும்.

எந்தப் பக்கம் மேலே என்று குழப்பம் வரும். பள்ளத்தில் வைக்கப்போகும் நிலையிலேயே ராடை மேஜையில் பிடித்து, அதன் முனையிலுள்ள நட்டை வலப்பக்கம் திருகுங்கள். நடுப்பகுதி மேல்நோக்கி, அதாவது ஃபிரெட் போர்டு பக்கம், வளைந்தால் சரி. பார்த்தபின் நட்டைத் தளர்த்தி, ராடை நேராக்கிவிட்டு வையுங்கள்.

நட் சவுண்ட்ஹோல் (பெட்டியின் வட்டத் துளை) பக்கம் வருகிறது என்றால், அதற்கு எதிரே உள்ள குறுக்கு பிரேஸில் (மேல்பலகையின் அடியில் ஒட்டும் தாங்குகட்டை) சாவி நுழைய ஓட்டை போட்டுவிட்டே பிரேஸை ஒட்டுங்கள். பெட்டி மூடியபின் நினைவு வந்தால் பெரும்பாடு.

கே: ஃபிரெட் போர்டு ஒட்டியபின் நெக்குக்குள் ‘கிர்’ என்று ஒலி. இன்னொரு நெக்கில் நட் திரும்பவே இல்லை.
– வாசகர், காசிமேடு

ப: முதலாவது, ராட் பள்ளத்தில் தளர்வாகக் கிடக்கிறது. ராடுக்கு ஹீட் ஷ்ரிங்க் உறை (சூட்டில் சுருங்கி இறுகும் குழாய்) போட்டு, நடுவிலும் முனைகளிலும் துளி சிலிக்கான் வைத்திருந்தால் ஒலி வந்திருக்காது. இரண்டாவது, பசை உள்ளே இறங்கிவிட்டது. பள்ளத்தின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, பசை தடவி, டேப்பை உரித்துவிட்டு உடனே மூட வேண்டும். உங்கள் பக்கம் உப்புக்காற்று வேறு. மரைக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவாமல் உள்ளே வைக்காதீர்கள்.

கே: டாப் (பெட்டியின் மேல்பலகை) உப்பிவிடுமோ என்று பயந்து எல்லா பிரேஸையும் தடிமனாகவே விட்டேன். சத்தம் அமுங்கிக் கிடக்கிறது. ஏன்?
– வாசகர், வியாசர்பாடி

ப: 12-53 கம்பி செட் (மெல்லிய கம்பி 0.012, தடித்தது 0.053 அங்குலம்) சாதாரண டியூனிங்கில் சுமார் 70 கிலோ இழுக்கும், பயம் நியாயம்தான். ஆனால் பலம் அகலத்தில் இல்லை, உயரத்தில் இருக்கிறது. அகலத்தை இரட்டித்தால் விறைப்பும் இரட்டிக்கும், அவ்வளவுதான். உயரமோ மும்மடிக் கணக்கு: 15 மி.மீ. பிரேஸை 12 ஆக்கினால் விறைப்பு பாதியாகிவிடும். 2.8 மி.மீ. ஸ்ப்ரூஸ் டாப்புக்கு எக்ஸ் பிரேஸ் 8 மி.மீ. அகலம், நடுவில் 14-15 மி.மீ. உயரம் போதும். ரேகை செங்குத்தாக நிற்கும் ஸ்ப்ரூஸாக இருக்கட்டும். ரேகை ஓடி வெளியேறும் துண்டைத் தள்ளிவிடுங்கள்.

பயப்பட வேண்டிய இடம் எக்ஸ் குறுக்கிடும் மூட்டு. இரண்டையும் பாதிப் பாதி வெட்டிக் கோக்கிறோம். காகிதம் நுழையும் இடைவெளி இருந்தாலும், கம்பி மாட்டும் பிரிட்ஜ் பக்கம் டாப் எழும்பும். மேலே வாய் திறந்திருக்கும் வெட்டின்மேல் சின்ன ஸ்ப்ரூஸ் துண்டை ஒட்டிவிடுங்கள். ஒட்டுவதற்கு மஞ்சள் மரப்பசை. சாதாரண வெள்ளைப் பசை, மே மாத வெயிலில் மூடிய காருக்குள் கிட்டார் கிடந்தால் இளகி நழுவும். அழுத்திப் பிடிக்க விலை உயர்ந்த கிளாம்ப் வேண்டாம். மேலே ஒரு பலகை, அதற்கும் பிரேஸுக்கும் நடுவே வளைத்துச் சொருகிய மூங்கில் பத்தைகள் போதும்.

நம் ஊரில் இன்னொன்று முக்கியம்: ஒட்டும் நாள். ஈரப்பதம் 75 சதவீதத்தில் டாப் ரேகைக்குக் குறுக்கே விரிந்திருக்கும். அப்படியே ஒட்டிவிட்டால், பிறகு ஏசி அறையில் டாப் சுருங்கப் பார்க்கும், பிரேஸ் நீளவாக்கில் சுருங்காது. டாப் குழிந்து, கடைசியில் வெடிக்கும். பலகையையும் பிரேஸ் கட்டைகளையும் 45-50 சதவீத அறையில் ஓரிரு வாரம் வைத்து, அங்கேயே ஒட்டுங்கள். ஐப்பசி மழையில் திறந்த பட்டறையில் பிரேஸ் வேலையே வேண்டாம்.

உங்கள் பெட்டி மூடியாயிற்றா? அப்படியானால் சவுண்ட்ஹோல் வழியே சின்ன இழைப்புளி விட்டு, முதலில் டோன் பார்களின் (எக்ஸுக்குக் கீழே உள்ள சிறு பிரேஸ்கள்) ஓரங்களை 2 மி.மீ. வரை சரித்து இறக்குங்கள். எக்ஸின் நடுவைத் தொடாதீர்கள். கொஞ்சம் சீவுவது, கம்பி மாட்டிக் கேட்பது, அவ்வளவே.

கே: 12-வது ஃபிரெட்டில் கம்பி 4 மி.மீ. உயரம். டிரஸ் ராடை முறுக்கினால் இறங்குமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

ப: இறங்காது, மேலும் முறுக்கினால் மரை போகும். ராட் நெக்கின் வளைவை மட்டுமே திருத்தும். முதல் ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு 14-வதை அழுத்துங்கள், 7-வதில் 0.2-0.25 மி.மீ. இடைவெளி இருந்தால் ராடின் வேலை முடிந்தது. மீதி, பிரிட்ஜில் கம்பிகள் உட்காரும் சேடிலில்: 12-வதில் 1 மி.மீ. குறைய சேடிலில் 2 மி.மீ. தேய்க்க வேண்டும். அதற்குச் சேடிலில் உயரம் இல்லையென்றால் நெக் கோணம்தான் தப்பு, நெக்கைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.